லேமினேஷன் போட்ட தீர்ப்பு

தோஹாவிலிருந்து நான் கிளம்பியது பெருமையடித்துக்கொள்ளத்தான். சென்னையில் சட்ட வலைப்பதிவர்கள் கூடுகிறார்கள், நீங்களும் வந்து பேச வேண்டும் என்று அழைப்பு வந்தது. "கூப்பிட்ட பிறகு போகாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது" என்று கணவரிடம் சொன்னேன். கூப்பிடாமல் விட்டிருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

பதினோரு வருடமாகத் தீர்ப்புகளைப் படித்து, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் சுருக்கி எழுதி வருகிறேன். நீதிமன்றத்தில் வாதாடி வெகுகாலமாகிறது. என் கறுப்பு அங்கி நாகர்கோவிலில் அம்மா வீட்டுப் பீரோவில் பூச்சி உருண்டைகளோடு கிடக்கிறது. வளைகுடாவில் அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேசைதான் என் அலுவலகம். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு தீர்ப்பின் முதல் பத்துப் பக்கத்தைத் தாண்டிவிடுவேன்.

சனிக்கிழமை சந்திப்பு, ஒரு நூலகத்தின் மாடியில் நடந்தது. எங்கள் சின்ன உலகத்தின் செய்திகள் எல்லாம் காப்பி டம்ளர்களோடு கைமாறின. எங்களுக்கெல்லாம் முன்னோடியான ஒருவர் தன் தளத்தை மூடுகிறாராம். "யாருக்கு இப்ப ரெண்டாயிரம் வார்த்தை படிக்கப் பொறுமை இருக்கு? ஒரு நிமிஷ வீடியோ போடுங்கங்கிறாங்க. எனக்கு ஒரு நிமிஷத்துல என் பேரையே முழுசா சொல்ல வராது" என்றார். நீதிமன்றங்களே தீர்ப்புகளைத் தமிழில் தரத் தொடங்கிவிட்டபோது நாம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். வழக்கறிஞர் விளம்பரம் செய்யக்கூடாது என்கிற விதி வலைப்பதிவுக்கும் பொருந்துமா என்று இரண்டு பேர் வடையைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள்.

திருச்சியிலிருந்து வந்த ஓர் இளம் வழக்கறிஞர் எழுந்து நின்று ஒரு தப்பை ஒப்புக்கொண்டார். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதிய பதிவில், அது வழக்கு எண்ணோடு சொன்ன ஒரு தீர்ப்பை அப்படியே போட்டிருக்கிறார். அப்படி ஒரு தீர்ப்பே கிடையாது. இரண்டு மாதம் கழித்து ஒரு வாசகர்தான் கண்டுபிடித்தாராம். எல்லோரும் உச்சுக் கொட்டினோம். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏனென்றால் அடுத்து நான் பேசவேண்டிய தலைப்பே 'பிழை நேர்ந்தால் என்ன செய்வது' என்பதுதான்.

நான் மைக்கைப் பிடித்தேன். எழுதியதை நான் ஒருபோதும் அழிப்பதில்லை என்றேன். சட்டம் மாறினால் பதிவின் அடியில் 'பிற்சேர்க்கை' என்று தனியாக எழுதி, மாற்றத்தைத் தேதியோடு பதிவு செய்வேன். வாசகருக்குப் பழையதும் தெரியும், புதியதும் தெரியும், இதுதான் நேர்மையான முறை என்றேன். நன்றாகக் கைதட்டினார்கள். இறங்கி வந்து இரண்டாவது வடையை எடுத்தேன்.

அப்போதுதான் கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தது. நெய்வேலிக்குப் பக்கத்தில் மந்தாரக்குப்பத்திலிருந்து பவித்ரா என்கிற பெண் அனுப்பியிருந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். அவள் அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட் தொழிலாளி, மாரடைப்பில் இறந்துபோனவர். "மேடம், குடும்பத்துல ஒருத்தருக்கு வேலை கேட்டு மூணு வருஷத்துக்குள்ள மனு குடுக்கணும்னு ரூல் இருக்கு. ஆனா பிள்ளைங்க மைனரா இருந்தா பதினெட்டு வயசு ஆன நாள்லேர்ந்துதான் மூணு வருஷம்னு நீங்க எழுதியிருக்கீங்க. எனக்கு இன்னும் மூணு மாசத்துல பதினெட்டு ஆகும். அப்பா இறந்து வர்ற செவ்வாய்க்கிழமையோட மூணு வருஷம் முடியுது. அம்மா காத்திருக்கலாம்னு சொல்றாங்க. ஒன்னும் பிரச்சனை இல்லியே மேடம்?"

கூடவே ஒரு புகைப்படம். ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையின் சுவரில், ஆணியில் தொங்குகிற ஒரு லேமினேஷன் தாள். என் பதிவின் முதல் பக்கம். அடியில் என் மின்னஞ்சல் முகவரி, மேலே ஒரு துளை, ஓரத்தில் கடையின் பெயர்ப்பலகையில் பாதி.

கடித்த வடையைத் தட்டில் வைத்தேன். அந்தப் பதிவில் நான் எழுதியது ஒற்றை நீதிபதி கொடுத்த தீர்ப்பு. எட்டு மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. இறந்த நாளிலிருந்துதான் கணக்கு, பிள்ளை மைனர் என்றால் வீட்டில் பெரியவர் யாராவது அதற்குள் மனு கொடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. நான் அதைப் பதிவின் கடைசியில் நான்கு வரியில் எழுதி வைத்திருந்தேன். இப்போதுதான் அந்த நான்கு வரிக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

உடனே பவித்ராவிடம் அவள் அம்மாவின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். அம்மாவின் பெயர் தனலட்சுமி. "அம்மா, செவ்வாய்க்கிழமைக்குள்ள நீங்க மனு குடுத்தாகணும், இல்லன்னா வாய்ப்பு போயிடும்" என்று ஆரம்பித்தேன்.

"அப்பறம் இன்னா, ஓ.டி.பி. கேப்பீங்களா? உங்கள மாரி எத்தினி பேர பாத்துகினு இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் எண் கத்தார் எண். அடித்த நொடியிலேயே நான் மோசடிக்காரி. பவித்ராவும் சற்று நேரம் கழித்து, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நெஜமாவே அந்த மேடம்தானா?" என்று கேட்டிருந்தாள். குற்றம் சொல்ல முடியாது. புத்தியுள்ள பெண்.

திங்கள் காலை நேரிலேயே வருகிறேன் என்று அவளுக்குப் பதில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். பண்ருட்டியை நெருங்கும்போது பின் டயர் வெடித்தது. தோஹாவில் பஸ் வழியில் நின்றால் குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள், அடுத்த வண்டி வரும். இங்கே எல்லோரும் இறங்கி, டிரைவருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டு, சாலையோரத்தில் பலாப்பழம் விற்கிற அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். தோஹா சூப்பர்மார்க்கெட்டில் மூன்றே மூன்று சுளையைத் தட்டில் வைத்துப் பிளாஸ்டிக் சுற்றி, மருந்து விலைக்கு விற்பார்கள். இங்கே பழத்தைப் பிளந்த வாசனையே வயிற்றை நிரப்பியது. கை முழுக்கப் பிசுக்கோடு பதினைந்து சுளை தின்றேன்.

பக்கத்து இருக்கை அம்மா நெல்லிக்குப்பம். வீட்டுக்காரர் கரும்பு வைத்திருக்கிறாராம்.

"எங்கம்மா போறீங்க?"

"நெய்வேலிக்குங்க."

"யாரு வூட்டுக்கு?"

"தெரிஞ்சவங்க இல்லீங்க. முந்தாநாள்வரைக்கும் அவங்க யாருன்னே தெரியாது."

"தெரியாத வூட்டுக்கா பெட்டிய தூக்கிகினு போறீங்க?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுதறதோட வுடக் கூடாதுங்களா? பின்னாடியே போயி பாத்துகினு இருக்கணுமா?" என்றார். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. பண்ருட்டியில் இறங்கும்போது, மீதியிருந்த சுளைகளை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மந்தாரக்குப்பம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஞாயிறு என்பதால் அந்த ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்தது. ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். "தனியா வந்திருக்கீங்களா, கான்ட்ராக்ட் விஷயமா?" என்று கேட்டார் மேனேஜர். இந்த ஊருக்கு வெளியாள் வந்தால் வேறு காரணமே இருக்காது போலிருக்கிறது. ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

திங்கள் காலை ஆறரைக்கு ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தேன். இலை போடுவதற்கு முன் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஷிப்ட்டுங்க?" எனக்கு ஷிப்ட் இல்லை என்றேன். "அப்ப இட்லிதான்" என்று முடிவு செய்துவிட்டார். எதிரே இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் சோறும் முட்டைக் குழம்பும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ராத்திரிச் சாப்பாடு. ஒரே பெஞ்சில் ஒருவருக்குப் பொழுது விடிந்திருந்தது, இன்னொருவருக்கு முடிந்திருந்தது. காரச்சட்னி பிரமாதம். இரண்டு இட்லி என்று சொல்லிவிட்டு ஆறு தின்றேன்.

எட்டு மணிக்குக் கடை திறந்தது. கடைக்காரர் பெயர் சேகர், நாற்பது வயதிருக்கும். ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒரே அறையில். சுவரில் வரிசையாக ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு லேமினேஷன் தாள். பஸ் நேரம் ஒன்றில், பி.எஃப். பணம் எடுக்கும் வழி ஒன்றில், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது எப்படி என்று ஒன்றில். நாலாவது ஆணியில் நான். முதலில் எனக்கு வந்தது பெருமைதான், அதை மறைக்க விரும்பவில்லை. தலைப்புக்கு மேலே கொட்டை எழுத்தில் 'சட்டம் தெரிஞ்சவங்க எழுதியது' என்று மார்க்கரில் எழுதியிருந்தார்.

"இதை எழுதினது நான்தாங்க" என்றேன்.

"அப்படீங்களா? உக்காருங்க மேடம், உக்காருங்க. ஆம்பளைன்னுல நெனச்சிகினு இருந்தேன்!" என்று நாற்காலியைத் துண்டால் துடைத்தார்.

இரண்டாவது பக்கம் எங்கே என்று கேட்டேன்.

"ரெண்டாவது பக்கம் எப்பவுமே எடுக்க மாட்டேங்க. பகிருங்க, லைக் போடுங்க, நாலு விளம்பரம், அதுதான இருக்கும்? லேமினேஷனுக்கு ஒரு பக்கம்தான் சரியா வரும்."

"எல்லாத்தையும் ஏன் லேமினேஷன் போடறீங்க?"

"இங்க நிலக்கரி லாரி போயிகினே இருக்குதுல்ல மேடம். வெறும் பேப்பர மாட்டுனா ரெண்டு மாசத்துல கறுத்துப்போவுது. வர்றவங்களும் வெறும் பேப்பர நம்ப மாட்டாங்க. இது போட்டாத்தான் ஒரு மதிப்பு."

அவர் பேரில் தப்பே இல்லை. பிற்சேர்க்கை எழுதி எத்தனையோ மாதம் கழித்துத்தான் அவர் அச்செடுத்திருக்கிறார். திருத்தத்தைக் கொண்டுபோய் விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்தது நான். விஷயத்தைச் சொன்னேன். கடையை அப்படியே விட்டுவிட்டு, தனலட்சுமி வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

வரிசை வீடுகளில் மூன்றாவது. வீட்டுக்காரர் போன பிறகு, சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப்பில் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வாடகைக்கு வந்திருக்கிறார்கள். பவித்ரா அன்று பள்ளிக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தாள். கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். அம்மாவை, அவர் வேலை பார்க்கிற முந்திரி உடைக்கும் ஷெட்டிலிருந்து அழைத்து வர ஓடினாள். தனலட்சுமி வந்தார். நாற்பதைத் தொடாத வயது, முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்திருந்தன, எண்ணெய் சுடாமல் இருக்கச் சாம்பலில் தோய்த்த கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"போன் பண்ணது நீங்கதானா?"

"நான்தாங்க."

"போன வாரம் பேங்க்லேர்ந்துன்னு ஒருத்தன் பேசுனான். அவனும் இதே மாரிதான், செவ்வாக்கெழமக்குள்ள, செவ்வாக்கெழமக்குள்ளன்னான்."

சேகர் எனக்காகச் சாட்சி சொன்னார். தனலட்சுமி உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டு வந்தார். கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழின் நகல், கணவர் ஹெல்மெட்டோடு நிற்கிற ஒரு புகைப்படம், என் பதிவு, எல்லாமே லேமினேஷன். என் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல இருக்கறது பொய்யா?"

"எழுதினப்போ சரிதாங்க. அப்புறம் ரெண்டு நீதிபதி சேர்ந்து மாத்திட்டாங்க."

"மாத்துனத எங்க எழுதுனீங்க?"

"கீழே எழுதியிருந்தேன்."

"எந்தக் கீழ?" என்று தாளின் அடியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. வாதாடிய காலத்தில்கூட எந்த நீதிபதி முன்னாலும் நான் அப்படித் தலை குனிந்ததில்லை.

"ஒன்ற வருசமா இத நம்பிகினு இருக்கேன். சாமி படத்துக்குப் பின்னாடிதான் வெச்சிருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

நாளைக்குள் நீங்களே மனு கொடுத்துவிட்டால் போதும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "நானா? எனக்கு இன்னா தெரியும்? முந்திரி ஒடைக்கத் தெரியும். அங்க போயி கார்டு மாட்டிகினு, கையெழுத்து போட்டுகினு... பயமா இருக்குதுங்க. இது அவளுக்குன்னுதான் வெச்சிருந்தேன். அவரு வேல, அவரு பொண்ணுக்கு."

வாசலில் நின்றிருந்த பவித்ரா அப்போது பேசினாள். "எனக்கு அந்த வேல வேணாம்மா. நர்சிங் படிக்கணும். நீ கஷ்டப்படுவன்னு சொல்லாம இருந்தேன்."

தனலட்சுமி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

"அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்பலேர்ந்து."

சேகர் கடைக்குப் போக வேண்டும் என்பதுபோல எழுந்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார். தனலட்சுமி தாளை என்னிடம் நீட்டினார். "சரிங்க. நீங்க வாயால சொல்றத வெச்சு நான் போவ மாட்டேன். எழுதுனத நம்பித்தான இங்க வந்து நிக்கிறோம்? மாத்தி எழுதுங்க. மேலயே எழுதுங்க. சேகர் கடையில இதே மாரி போட்டு எடுத்துகினு வாங்க. படிச்சிட்டு வரேன்."

என் எழுத்தை எதிர்த்து நானே வாதாடி, அதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். நியாயமான கோரிக்கைதான். சேகர் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பேசியிலேயே பதிவைத் திறந்தேன். எப்போதும் நான் தீர்ப்பின் பின்னணியில் ஆரம்பிப்பேன், மூன்றாவது பத்தியில்தான் விஷயத்துக்கு வருவேன். அன்று தலைப்புக்குக் கீழே முதல் வரியாக, 'இந்தப் பதிவில் சொல்லப்பட்ட தீர்ப்பு இப்போது செல்லாது' என்று எழுதினேன். இரண்டாவது வரி, 'இறந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனு கொடுங்கள், பிள்ளைக்குப் பதினெட்டு ஆகக் காத்திருக்காதீர்கள்.' லேமினேஷன் இயந்திரத்திலிருந்து தாள் சூடாக வந்தது.

தனலட்சுமி அதை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்த்தார். கறை போகவில்லை. "கையெழுத்து போட்டா அச்சு விழுமா?" என்று கவலைப்பட்டார். விழாது, காய்ந்த கறைதானே என்றேன். புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

மனுவில் ஒட்டப் புகைப்படம் வேண்டும். அவர் தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லாமே கணவரோடோ மகளோடோதான். சேகர் நீலத்துணிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டார். "நேரா பாருங்கக்கா. சிரிக்க வேணாம்."

"எனக்கு எங்க சிரிப்பு வருது" என்றார் தனலட்சுமி. அச்சாகி வந்த எட்டுப் படங்களையும் வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் முடிய மதியம் மூன்றாகிவிட்டது. ஆட்டோவில் டவுன்ஷிப்பில் இருக்கும் நிறுவன அலுவலகத்துக்குக் கிளம்பினோம். மந்தாரக்குப்பத்தின் கடை நெரிசலிலிருந்து உள்ளே நுழைந்தால் வேறு நாடு. நேர்க்கோட்டுச் சாலை, இரண்டு பக்கமும் மரம், அளந்து வைத்த வீடுகள். எங்கள் தோஹாவிலும் குடியிருப்புகள் இப்படித்தான் வரிசையாக இருக்கும், மரம்தான் இருக்காது. "எந்த பிளாக்?" என்றார் ஆட்டோக்காரர். தனலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, "இதோ காட்டுது, நேராப் போங்க" என்றேன். அது இடது என்றது, வலது என்றது, ஒரே மாதிரி மூன்று முச்சந்திகளைத் தாண்டி ஒரு பூட்டிய கட்டடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

"இங்கேர்ந்து மாத்தி ரொம்ப நாளாச்சுங்களே" என்றார் அங்கிருந்த காவலாளி.

"நான் அப்பவே சொல்ல வந்தேன்" என்றார் தனலட்சுமி. "நீங்க போன பாத்துகினே இருந்தீங்க." சரியான இடத்துக்குப் போனபோது கவுன்ட்டரை மூடியிருந்தார்கள். படித்தவள் என்கிற திமிரில் ஒரு நாளையும் தின்றுவிட்டேன். இனி மிச்சம் ஒரே ஒரு நாள். அன்று ராத்திரி லாட்ஜில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கவுன்ட்டர் திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே நாங்கள் மூவரும் போய் நின்றோம். வழி தனலட்சுமி சொன்னார், நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் பேச்சிலேயே தெரிந்தது, திருநெல்வேலிப் பக்கம். இந்த டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டமும் உண்டு. காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். தேதியைப் பார்த்தார், சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"என்னம்மா, கடைசி நாள்ல வந்து நிக்கியளே? இத்தனை நாள் என்ன செஞ்சிய?"

தனலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைக் கை காட்டியிருக்கலாம், காட்டவேண்டியதும்தான். "சும்மா இருந்துட்டேங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

"அவங்க சும்மா இருக்கல சார். நான் எழுதினதை நம்பி இருந்துட்டாங்க" என்றேன்.

"நீங்க யாரு, வக்கீலா?"

"எழுதுறவ சார். தீர்ப்பு வந்தா இன்டர்நெட்ல எழுதுவேன்."

என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்போ பாத்து எழுதுங்க" என்றார். சென்னை மேடையில் நான் அரைமணி நேரம் பேசியதை அவர் மூன்று வார்த்தையில் முடித்துவிட்டார்.

வாரிசுச் சான்றிதழின் ஒரிஜினலைக் கேட்டபோது, அதையும் லேமினேஷன் போட்டுத் தொலைத்திருப்பார்களோ என்று பவித்ராவைப் பார்த்தேன். பவித்ரா பள்ளிப் பையிலிருந்து வெறும் தாளாக எடுத்து நீட்டினாள். "இத மட்டும் நான்தான் போட வேணாம்னு எடுத்து வெச்சிருந்தேன்" என்றாள். அவர் சரிபார்த்தார். தனலட்சுமியைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் பேனாவை இறுக்கிப் பிடித்து, உதட்டை மடித்துக்கொண்டு, பெயரை முழுசாக எழுதினார். அச்சு எதுவும் விழவில்லை.

"வேலை கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு முன்னாடி லிஸ்ட்ல ஆள் இருக்கு. ஆனா தேதிக்குள்ள வந்துட்டிய" என்று சொல்லி, நகலில் முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தம் எனக்குப் போதும் என்றிருந்தது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். தனலட்சுமி முத்திரை ஈரம் காயும்வரை தாளை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சந்தேகத்தோடு என்னிடம் கேட்டார்.

"இத லேமினேஷன் போடலாங்களா?"

"இதைப் போடலாங்க. இதை யாராலயும் மாத்த முடியாது."

அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார்.

சேகர் கடையில் பழைய தாளை ஆணியிலிருந்து கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியிருந்தார். இனிமேல் கடைசிப் பக்கம்வரை பார்க்காமல் எதையும் அச்செடுப்பதில்லை என்றார். திருத்தத்தை எப்போதும் முதல் வரியில் போடுகிறேன் என்று நானும் சொன்னேன். பழைய தாளை எத்தனை பேர் வாங்கிப் போனார்கள் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "ஒரு நாலு பேரு இருக்கும் மேடம். யாருன்னு எழுதி வெக்கலியே."

"ஒருத்தி எனக்குத் தெரியும்" என்றார் தனலட்சுமி. "காடாம்புலியூரு. என்கூட ஷெட்டுல இருந்தவ, விஜயா. போன வருசம் அவ வூட்டுக்காரரும் போயிட்டாரு. பையன் பத்தாவதுதான் படிக்கிறான். நானே சொல்லித்தான் இந்தப் பேப்பர வாங்கிகினு போனா." ஒரு துண்டுத் தாளில் எண்ணை எழுதிக் கொடுத்தார். சேகர் புதிய தாளில் நான்கு பிரதி லேமினேஷன் போட்டு என் பையில் வைத்தார்.

சென்னை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. மறுநாள் காலை எனக்கு விமானம். பவித்ரா கொடுத்த முந்திரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அந்த எண்ணுக்கு அடித்தேன். இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காலம் இருக்கிறது, அவசரமில்லை, போனிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"விஜயாங்களா? உங்க வீட்டுக்காரர் வேலை விஷயமா ஒரு பேப்பர் வாங்கிட்டுப் போனீங்களே, அது இப்ப செல்லாதுங்க..."

"யாருங்க நீங்க? இது எந்த ஊரு நம்பரு?" என்றது அந்தக் குரல். "ஓ.டி.பி. எல்லாம் நான் சொல்ல மாட்டேன்."

வைத்துவிட்டார். நான் சிறிது நேரம் முந்திரியைக் கொறித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். தோப்புகள் வரத் தொடங்கியிருந்தன. எழுந்துபோய் கண்டக்டரிடம், காடாம்புலியூரில் இறக்கிவிடச் சொன்னேன்.

"சென்னைக்குல டிக்கெட் எடுத்தீங்க?"

"ஆமாங்க. இங்க ஒரு வேலை பாக்கி இருக்கு."

"யாரு வூட்டுக்குங்க?"

"விஜயா வீட்டுக்கு" என்றேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.